நான்கு அங்குலம் போதும்

1991 செப்டம்பர் 19ஆம் நாள், ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையில் ஆல்ப்ஸ் மலைமேல் நடந்துகொண்டிருந்த ஒரு தம்பதி, உருகும் பனிக்குள்ளிருந்து வெளியே தெரிந்த மனித உடல் ஒன்றைக் கண்டார்கள். அண்மையில் விபத்தில் இறந்த மலையேறி என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆய்ந்து பார்த்தபோது அந்த மனிதர் இறந்து 5000 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஓட்சி என்று பெயர் பெற்ற அவர் இன்று இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறார். அவருடைய உடைமைகளும் அங்கேயே இருக்கின்றன. செம்புக் கோடரி, இன்னும் செதுக்கி முடிக்காத வில், அம்பறாத்தூணி, கூடவே ஒரு கத்தி. சிக்கிமுக்கிக் கல்லில் தட்டி எடுத்த அலகு, ஆஷ் மரப் பிடி, மரநாரில் பின்னிய உறை. பிடியோடு சேர்த்து அளந்தாலும் அந்தக் கத்தி 13 சென்டிமீட்டர்தான்.

காட்டையே வீடாகக் கொண்டு அலைந்த ஒரு மனிதர் தம்மோடு வைத்திருந்த கத்தி நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. பெரிய வேலைக்கு அவரிடம் கோடரி இருந்தது. அறுக்க, சீவ, உரிக்க, துளைக்க இந்தச் சிறு கத்தி. வேட்டைக்கும் கூடாரத் தங்கலுக்கும் என்ன கத்தி வாங்கலாம் என்று யார் என்னிடம் கேட்டாலும் ஓட்சியின் கத்தியைத்தான் முதலில் சொல்வேன். இன்றைக்குக் கடையில் நூறு வகை அடுக்கியிருக்கிறார்கள். எஃகின் பெயர், அலகின் வடிவம், பிடியின் பொருள் என்று பேச்சு பெருகிவிட்டது. ஆனால் கேள்வி பழையதுதான். எவ்வளவு சிறியது, எவ்வளவு மெல்லியது, எதற்காக?

நான் கனடாவின் ஒன்டாரியோவுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கோடையில் குடும்பத்தோடு அல்கான்குவின் பூங்காவில் கூடாரம் போடுவதும், நவம்பரில் மான் வேட்டை உரிமம் உள்ள நண்பர்களோடு காட்டுக்குப் போவதும் பழக்கமாகிவிட்டது. முதன்முதலாக நான் வாங்கிய கத்தி ஏழு அங்குலம். முதுகு ஆறு மில்லிமீட்டர் தடிமன். கடைக்காரர் அதை வைத்துக் கதவையே உடைக்கலாம் என்றார். அந்தக் கோடையில் கூடாரத்தருகே அதைக் கொண்டு கேரட் நறுக்கினேன். கேரட் அறுபடவில்லை. கத்தி பாதி இறங்கியதும் ஆப்பு அடித்ததுபோல ‘டக்’கென்று இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு மணலில் விழுந்தது. வெங்காயமும் அப்படியே. ஒரு மரக்குச்சியைச் சீவப் போனால் சுருள் எழவில்லை, துண்டுதுண்டாகப் பெயர்ந்தது. கத்தி கூராகத்தான் இருந்தது. கூருக்குப் பின்னால் இருந்த சதைதான் அதை அறுக்கவிடவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது அந்தக் கேரட் சொன்னதைத்தான்.

பெரிய கத்தியா சிறிய கத்தியா என்ற வழக்கு அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 1884இல் வெளியிட்ட ‘வுட்கிராஃப்ட்’ என்ற நூலில் தாம் காட்டுக்குக் கொண்டுபோகும் மூன்று கருவிகளைப் படம் போட்டே காட்டினார். இருபுறமும் வாயுள்ள சிறு கோடரி, மெல்லிய அலகுள்ள உறைக் கத்தி, ஒரு மடக்குக்கத்தி. அந்நாளில் இளைஞர்கள் பெருமைக்காக இடுப்பில் கட்டிக்கொண்ட தடித்த போவிக் கத்திகள் அவருக்குப் பிடிக்கவில்லை. 1906இல் ஹொரேஸ் கெஃபார்ட் தம் ‘கேம்பிங் அண்ட் வுட்கிராஃப்ட்’ நூலில் அதே கட்சியைப் பேசினார். செயின்ட் லூயிஸ் நகரில் நூலகராக இருந்து, பின்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்மோக்கி மலைக் காடுகளுக்குப் போய் வாழ்ந்தவர் அவர். அங்கே அவருக்குப் போதுமானதாக இருந்த கத்தியின் அலகு நான்கைந்து அங்குலம். பென்சில்வேனியாவின் கோல்கிளெசர் பட்டறை அவர் சொன்னபடி செய்த கத்தி இன்றும் ‘கெஃபார்ட்’ என்ற பெயரிலேயே பல கம்பெனிகளால் படியெடுக்கப்படுகிறது. நேரான முதுகு, நடுவில் இறங்கும் முனை, விரல் காப்பு இல்லாத உருண்டை மரப்பிடி. நூறு ஆண்டுக்கு மேலாகியும் அதில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட ஒன்றை மறக்கடித்தது சினிமா என்பது என் கருத்து. 1982இல் வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்தில் ராம்போவின் கையில் இருந்த கத்தியை ஆர்கன்சாஸ் மாநிலத்துக் கத்திக் கொல்லர் ஜிம்மி லைல் செய்தார். முதுகில் ரம்பப் பல், உள்ளீடற்ற பிடி, அதற்குள் தீக்குச்சியும் தூண்டிலும். அதன்பின் ‘உயிர்காக்கும் கத்தி’ என்ற பெயரில் அதன் நகல்கள் சந்தையை நிறைத்தன. இன்றைய தடித்த கத்திகள் எல்லாம் அதன் வழித்தோன்றல்கள்தாம். காட்டில் ஒருவர் உயிர் பிழைக்க வேண்டிய நிலை வருவது அரிது. காட்டில் மூன்று வேளை சமைப்பது அன்றாடம். அரிதானதற்காக அன்றாடத்தைக் கெடுத்துக்கொள்ளும் கத்தியை ஏன் வாங்க வேண்டும்?

வடக்கு ஐரோப்பாவில் இந்தக் குழப்பம் வரவே இல்லை. பின்லாந்தின் ‘பூக்கோ’ அந்த மக்களின் அன்றாடக் கத்தி. அலகு உள்ளங்கை அகலம், ஏறத்தாழ அதே நீளத்தில் பிடி. கவுகாவா ஊரின் ஈசாக்கி யார்வென்பா பட்டறை 1879இலிருந்தும், ரோவானியெமியின் மார்ட்டீனி 1928இலிருந்தும் இதைச் செய்துவருகின்றன. நார்வேயில் ஹெல்லே 1932இல் தொடங்கியது. சுவீடனில் மோரா நகரை ஒட்டிய ஊஸ்ட்நூர் கிராமத்தில் எரிக் ஃப்ராஸ்ட் 1891இல் தொடங்கிய பட்டறைதான் இன்றைய மோரா கத்திகளின் வேர்களுள் ஒன்று. தச்சர், மீனவர், வேட்டைக்காரர், சாரணச் சிறுவர் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுக் கத்தி. மேலும் வடக்கே, கலைமான் மேய்க்கும் சாமி மக்கள் இரண்டு கத்தி வைத்திருக்கிறார்கள். ‘லேவுக்கு’ என்பது பெரியது. பிர்ச் மரக்கிளை வெட்டவும் விறகு பிளக்கவும் எலும்பு உடைக்கவும் அது. நுணுக்க வேலை எல்லாம் சின்னக் கத்திக்கு. பெரியது வேறு, சிறியது வேறு, இரண்டையும் ஒன்றாக்காதே என்பதுதான் ஓட்சியிலிருந்து சாமி மக்கள்வரை தொடரும் நடைமுறை.

நமக்கும் இது புதிதல்ல. எங்கள் உடன்குடிப் பக்கத்தில் பனையேறி பாளை சீவும் அரிவாளால் மட்டை வெட்டமாட்டார். பாளை அரிவாளின் வாய் மெல்லியது. தாளைவிட மெல்லிய சீவல் அதில் வர வேண்டும். மட்டைக்கு அதை ஓங்கினால் மறுநாள் பதநீர் இறங்காது. அவரிடம் போய் ஒரே அரிவாளில் இரண்டு வேலையும் செய்யலாம் என்று சொன்னால் வேலை தெரியாதவர் என்று நம்மை நினைப்பார்.

மடக்குக்கத்தி போதாதா என்று கேட்பார்கள். சட்டைப் பையில் கிடந்து கயிறு அறுக்க, பழம் நறுக்கப் போதும். ஆனால் இறைச்சி வேலை என்று வந்துவிட்டால் மூட்டிடுக்கில் கொழுப்பும் இரத்தமும் மயிரும் புகுந்துவிடும். கழுவிக் கழுவி மாளாது, இரண்டு நாளில் நாற்றம் எடுக்கும். குளிரில் விறைத்த விரலால் திறப்பதும் தொல்லை. அழுத்தும்போது மடங்கி விரலை அறுக்கும் ஆபத்து வேறு. உறையிலிருந்து எடுத்தால் வேலை, வைத்தால் ஓய்வு என்று இருப்பது மடங்காக் கத்தி ஒன்றே.

வேட்டையில் ஒரு கத்தி என்ன செய்கிறது என்பதை அருகிருந்து பார்த்தால் அளவு பற்றிய ஐயம் தீர்ந்துவிடும். சுட்டு வீழ்த்திய மானை மல்லாத்திப் போடுகிறார்கள். மார்பெலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளித் தூக்கி, நுனியால் ஒரு சிறு துளை. அதன்பின் இடக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் உள்ளே போய்த் தோலையும் சதையையும் குடலிலிருந்து தூக்கிப் பிடிக்கின்றன. அந்த இரண்டு விரலுக்கு நடுவே, வாய் மேல்நோக்கி இருக்குமாறு கத்தி போகிறது. உள்ளிருந்து வெளியே அறுப்பதால் மயிரில் வாய் படுவதில்லை, கூர் போவதில்லை. விரல்கள் முன்னே, கத்தி பின்னே. இரைப்பையிலோ சிறுநீர்ப்பையிலோ நுனி பட்டுவிட்டால் இறைச்சி கெட்டுப்போகும். வயிறு திறந்ததும் உதரவிதானத்தை ஓரமாக அறுக்கிறார்கள். அடுத்ததுதான் கடினமான கட்டம். மார்புக்கூட்டுக்குள் முழங்கைவரை கையை விட்டு மூச்சுக்குழாயைப் பிடித்து, மறுகையால் கத்தியைக் கொண்டுபோய், அதற்கு மேலே அறுக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே இருக்கின்றன. எதுவும் தெரியாது. தொட்டுத்தான் அறிய வேண்டும். ஆறங்குல அலகோடு அங்கே போகிறவர் தம் மணிக்கட்டைப் பணயம் வைக்கிறார். மூன்றரை அங்குல அலகில் சுட்டுவிரலை முதுகின்மேல் நீட்டி வைத்தால் நுனி எங்கே இருக்கிறது என்பது விரலுக்குத் தெரிகிறது. முதன்முறை பக்கத்தில் குந்தியிருந்து இதைப் பார்த்தபோது என் நண்பர் கத்தியைப் பிடித்திருந்த விதம் மீன் அரியும் அம்மாவை நினைவூட்டியது. கத்தி அவர் விரலின் நீட்சியாக இருந்தது.

நுனியின் வடிவம் இங்கேதான் முக்கியமாகிறது. மேல்நோக்கி வளைந்து ஊசியாக முடியும் நுனி, வயிற்றுக்குள் போகும்போது எதையாவது குத்திவிடும். முதுகுக் கோடு மெல்லக் கீழே இறங்கி, நுனி நடுவுக்கு வரும் ‘டிராப் பாயின்ட்’ வடிவம் இதற்கென்றே பொருந்துகிறது. இதைப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்கக் கத்திக் கொல்லர் பாப் லவ்லெஸ். 1954இல் நியூயார்க்கில் ஒரு ராண்டால் கத்தி வாங்கப் போய், பல மாதம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டு, பழைய கார் ஒன்றின் ஸ்பிரிங் பட்டையில் தாமே கத்தி செய்யத் தொடங்கினார். 2010இல் மறைந்தபோது அமெரிக்க வேட்டைக் கத்தியின் உருவத்தையே மாற்றியிருந்தார். அந்த வடிவம் அழகுக்காக வந்ததன்று, மானின் வயிற்றுக்குள் தவறு நேராமலிருக்க வந்தது. முதுகில் கொக்கி வைத்த கத்திகளும் உண்டு. தோலைக் கிழிக்க எளிது என்பார்கள். அந்தக் கொக்கியைத் தீட்டுவது பெரும்பாடு, மற்ற வேலைக்கெல்லாம் அது இடைஞ்சல். எனக்கு அது வேண்டாம். அறுவை மருத்துவரின் கத்திபோல அலகைக் கழற்றி மாற்றும் கத்திகள் இப்போது வேட்டைக்காரர்களிடம் பரவியிருக்கின்றன. தோலுரிப்பதில் அவற்றுக்கு இணையில்லை. ஆனால் மூட்டில் திருகினால் அலகு ஒடிந்து இறைச்சிக்குள் தங்கிவிடும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் இருட்டிவிடும். கூடாரத்தில் குச்சி சீவவும் அவை உதவா. இரண்டாவது கத்தியாக இருக்கலாம்.

கூடார வேலை வேறு மாதிரி. அங்கே மரமும் காய்கறியும்தான். மழை பெய்து சுள்ளி எல்லாம் நனைந்திருக்கும்போது நெருப்பு மூட்ட ஒரு வழி உண்டு. பிளந்த விறகின் உட்புறம் காய்ந்திருக்கும். அதிலிருந்து விரல் பருமனில் ஒரு குச்சி எடுத்து, சீவலைத் துண்டிக்காமல் குச்சியின் நுனியிலேயே சுருள்சுருளாக நிறுத்த வேண்டும். நல்ல கத்தி வாய்த்தால் சுருள்கள் கோழியிறகுபோலச் செறிந்து நிற்கும். ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கத்தியைத் தேர இதைவிட நல்ல சோதனை நான் அறியவில்லை. சுருள் மெல்லியதாக எழுகிறதா, கத்தி மரத்துக்குள் தானாக ஆழ இறங்குகிறதா, நழுவி மேலே வந்துவிடுகிறதா என்று மூன்று இழுப்பில் தெரிந்துவிடும்.

இந்த வேலையில் ஸ்காண்டிநேவியக் கத்திகள் சிறந்து நிற்பதற்குக் காரணம் அவற்றின் வாய். அலகின் நடுவுக்குக் கீழிருந்து ஒரே சரிவாக இறங்கி நேராகக் கூரில் முடிகிறது. இரண்டாவதாக ஒரு சின்னச் சரிவு கிடையாது. அந்தச் சரிவு அகலமான ஒரு பட்டை. அதை மரத்தின்மேல் படுக்கவைத்தால் தச்சரின் இழைப்புளிபோல அது தன் கோணத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. தீட்டுவதும் எளிது. அதே பட்டையைக் கல்லின்மேல் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும், கோணம் தவறாது. குறையும் உண்டு. பட்டை முடியும் இடத்தில் தோள்போல ஒரு முறிவு இருப்பதால், தடித்த அலகாக இருந்தால் காய்கறியை அது பிளக்கும். மெல்லிய அலகில் அந்தத் தொல்லை குறைவு. முதுகிலிருந்தே முழுச் சரிவாகத் தேய்த்த கத்தி சமையலுக்கு இன்னும் நல்லது. உட்குழிவாகத் தேய்த்த கத்தி தோலுரிக்க அருமை, மரத்தில் வாய் பெயரும். குவிந்த வாய் உறுதியானது, வீட்டில் தீட்டப் பழக வேண்டும்.

தடிமனுக்கு வருவோம். மோராவின் எளிய கம்பானியன் கத்தி 2 முதல் 2.5 மில்லிமீட்டர். அதன் பெரிய அண்ணன் கார்பெர்க் 3.2. சுவீடன் விமானப்படைக்காக 1995இல் வந்த ஃபால்க்னிவன் எஃப்1 4.5. இந்த எஃப்1 நன்றாகச் செய்த கத்தி. விமானத்தின் உடைந்த கூட்டை வெட்டி வெளியேற வேண்டிய விமானிக்காக எண்ணிச் செய்தது. அவருக்கு அது பொருந்தும். மானை உரித்து வெங்காயம் நறுக்குபவருக்கு அதில் பாதி தடிமன் போதும். நான் 3 மில்லிமீட்டரை மேல் வரம்பாக வைத்திருக்கிறேன்.

அப்படியானால் விறகை எப்படிப் பிளப்பது? கத்தியை விறகின் தலையில் குறுக்கே வைத்து, அதன் முதுகில் கட்டையால் அடித்துப் பிளப்பவர்கள் பலர். தடித்த கத்திக்கு ஆதரவாக முதலில் வரும் வாதமும் இதுதான். கனடாவின் வடகாட்டு வாழ்வைச் சொல்லிக்கொடுத்த மோர்ஸ் கொச்சன்ஸ்கி தம் வாழ்நாள் முழுதும் மலிவான மோராவைப் பரிந்துரைத்தவர். அவர் மாணவர்கள் அந்தச் சிறு கத்தியாலேயே மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையைப் பிளந்தார்கள். முடிச்சில்லாத மரமாகப் பார்ப்பது, வாயை நேராக வைப்பது, நுனிப்பக்கம் அளவாக அடிப்பது, இவ்வளவுதான் வித்தை. அதற்குமேல் பருத்த விறகுக்குக் கைக்கோடரி வேண்டும். காரில் போய் இறங்கும் கூடாரத்துக்கு ஒரு கைக்கோடரியோ மடக்கு ரம்பமோ கொண்டுபோவதில் என்ன தடை? கோடரியின் வேலையைக் கத்தியிடம் கேட்பதால்தான் கத்தி தடித்தது.

எஃகைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. தேவைக்கு மேல் பேசப்படுகிறது என்பேன். கரி மிகுந்த எஃகு தீட்ட எளிது, விலை குறைவு, துருப் பிடிக்கும். தக்காளி அறுத்து அப்படியே வைத்தால் கறுத்துவிடும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் கூடுதல். ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி 1913இல் உருக்கியது அந்த வகை. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னே, நம் தென்னிந்தியப் பட்டறைகளிலிருந்து போன மூசை எஃகைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கித்தான் மைக்கேல் ஃபாரடேயும் கத்திக் கொல்லர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் எஃகில் பிற உலோகங்களைக் கலக்கும் ஆய்வில் இறங்கினார்கள். 1820இலும் 1822இலும் அவர்கள் முடிவுகள் வெளிவந்தன. இன்றைய கலப்பு எஃகு ஆய்வுக்கு முன்னோடிகளாக அவை மதிக்கப்படுகின்றன. நம் கொல்லர்களின் உலை அந்த வரலாற்றில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை.

வீட்டு எவர்சில்வர் பாத்திரமும் கத்தியின் துருப்பிடிக்காத எஃகும் ஒன்றல்ல. பாத்திரத்தின் எஃகைத் தோய்ச்சல் கொடுத்துக் கடினமாக்க முடியாது. கத்தியினுடையதை முடியும். மோராவில் வரும் சாண்ட்விக் 12சி27 எஃகில் கரி 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். நுண்ணிய வாயை எளிதில் ஏற்கும், வீட்டுக் கல்லிலேயே தீட்டலாம். டி2 எஃகில் கரி 1.5, குரோமியம் 12 சதவீதம் அளவில். கூர் நெடுநேரம் நிற்கும், தீட்ட வைரக்கல் இருந்தால் நல்லது. எஸ்30வி போன்ற தூள் உலோக எஃகுகள் விலை கூடியவை, நன்றாக உழைப்பவை. 2021இல் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்த மேக்னாகட், துருவையும் உடைவையும் ஒருசேரத் தாங்குவதால் பெரும்பெயர் பெற்றிருக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவரே தம் சோதனைகளில் காட்டியிருப்பது வேறொன்று. வாயின் கோணத்தைக் குறைத்தால் ஒரே எஃகு கணிசமாகக் கூடுதல் நேரம் அறுக்கிறது. விலை உயர்ந்த எஃகில் செய்த தடித்த வாயைவிடச் சாதாரண எஃகில் செய்த மெல்லிய வாய் நன்றாக அறுக்கும். ஆகவே பணம் குறைவு என்றால் எஃகில் விட்டுக்கொடுங்கள். வாயின் மெலிவில் விட்டுக்கொடுக்காதீர்கள். தோய்ச்சல் சரியாக இருந்தால் எளிய எஃகும் ஒரு மானுக்குப் போதும். நண்பர் தம் மோராவில் ஒரு முழு மானை உரித்துத் துண்டு போட்டார். நடுவில் ஒருமுறை பீங்கான் கோலில் நாலு இழுப்பு, அவ்வளவே.

நெருப்புப் பொறிக்குக் கரி எஃகுதான் வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சிக்கிமுக்கிக் கல்லில் தட்டிப் பொறி எழுப்ப அது உண்மை. கடையில் விற்கும் ஃபெரோசீரியம் கோலுக்கு எஃகின் வகை பொருட்டல்ல. ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் 1903இல் கண்டுபிடித்த அந்தக் கலவையைக் கத்தி முதுகின் கூரான விளிம்பு சுரண்டினாலே பொறி பறக்கும். முதுகு உருட்டி மழுக்கப்பட்டிருக்கிறதா, செங்கோண விளிம்பாக இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்கள்.

பிடியைக் கையில் எடுக்காமல் கத்தி வாங்கக் கூடாது. நான்கு விரலும் முழுமையாக அமர வேண்டும். விரலுக்கு விரல் பள்ளம் வைத்த பிடி கடையில் சுகமாக இருக்கும். பிடியை மாற்றிப் பிடிக்க வேண்டிய அரைமணி நேர வேலையில் அந்தப் பள்ளங்களே கையை நோகடிக்கும். கொழுப்புப் பட்டால் வழவழக்கும் பளபளப்பான பிடி ஆபத்து. ரப்பர் கலந்த பிடி, அல்லது எண்ணெய் ஊறிய மரம் நல்லது. அலகின் வால் பிடியின் கடைசிவரை, பிடியின் முழு அகலத்துக்கும் ஓட வேண்டும் என்று வற்புறுத்துவார்கள். அடித்துப் பிளக்கும் கத்திக்கு அது சரி. வடக்குக் கத்திகளில் பல நூறாண்டாக மெல்லிய வால்தான் மரத்துக்குள் போகிறது. பிடி எடை குறைகிறது. முக்கியமாக, உறைபனியில் கை இரும்பைத் தொடுவதில்லை. ஜனவரியில் வெளியே வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நிறம் ஆரஞ்சாக இருக்கட்டும். இலையுதிர்காலச் சருகில் பழுப்புப் பிடியுள்ள கத்தியை வைத்துவிட்டு நான் ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன்.

உறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கத்தியால் வரும் காயங்களில் உறையிலிருந்து எடுக்கும்போதும் வைக்கும்போதும் வருவதை நான் அஞ்சுகிறேன். ஒருமுறை மெல்லிய தோலில் மடித்துத் தைத்த உறை ஒன்று கத்தியோடு வந்தது. வாய்ப்பக்கம் தையலைக் காக்க நடுவில் தோல்பட்டை வைக்கவில்லை. மூன்றாம் மாதத்தில் தையல் நூல் அறுந்து, குனிந்தபோது வாய் வெளியே வந்து தொடையில் கோடு போட்டது. தையல் போடும் அளவுக்குக் காயம். அன்றிலிருந்து உறையைத்தான் முதலில் பார்க்கிறேன். கத்தி ‘கிளிக்’ என்று அமர வேண்டும், தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் விழக் கூடாது. அடியில் நீர் வடிய ஒரு துளை வேண்டும். தோலுறை அழகுதான். இரத்தம் ஊறினால் கழுவ முடியாது, ஈரத்தைப் பிடித்துவைத்துக் கத்தியைத் துருவாக்கும். வேட்டைக்குப் பிளாஸ்டிக் உறையே மேல்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அங்கே இந்தக் கத்தி கூடாரத்துக்கும் தோட்டத்துக்கும் மட்டும்தான். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு, வேளாண்மை, தொழில் பயன்பாட்டுக்கு அல்லாதபோது ஆயுதக் கணக்கில் வருகிறது. பிரிட்டனில் மடங்காக் கத்தி எவ்வளவு சிறியதானாலும் தக்க காரணமின்றிப் பொதுவெளியில் வைத்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் 12 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மடங்காக் கத்திக்குத் தனித் தடை. கனடாவில் நீள வரம்பு இல்லை, நோக்கம் பார்க்கப்படும். முகாம் முடிந்து ஊருக்குள் வரும்போது கத்தி இடுப்பில் இருக்கக் கூடாது. பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

இவ்வளவையும் வைத்து நான் கொடுக்கும் தீர்ப்பு இது. அலகு 9 முதல் 11 சென்டிமீட்டர். முதுகு 2 முதல் 3 மில்லிமீட்டர். நுனி நடுவுக்கு இறங்கியது. கூடாரமே முக்கியம் என்றால் ஒற்றைச் சரிவு வாய், வேட்டையே முக்கியம் என்றால் முழுச் சரிவு வாய். துருப்பிடிக்காத எஃகு, வழுக்காத பிடி, கிளிக்கென்று பிடிக்கும் உறை. ஓர் எளிய மோரா இதில் ஏறத்தாழ எல்லாவற்றையும் தந்துவிடுகிறது. ஒரு குடும்பம் வெளியே ஒருவேளை உண்ணும் செலவுகூட ஆகாது. அதில் ஓராண்டு வேலை செய்தபின், எது குறை என்று உங்கள் கைக்கே தெரிந்தால், விலை கூடிய ஒன்றைத் தேடலாம். என்னிடம் ஆறு கத்திகள் இருக்கின்றன. நவம்பரில் பைக்குள் போவது இன்னும் நான் முதலில் வாங்கிய மோராதான்.

கத்தி வாங்கும் அன்றே ஒரு கல்லும் வாங்குங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசாக உள்ள சாதாரணக் கல் போதும். தண்ணீர் தெளித்து, சரிவைப் படுக்கவைத்து, மறுபுறம் பிசிறு எழும்வரை தேய்க்க வேண்டும். விரல்நகத்தால் குறுக்கே வருடினால் அந்தப் பிசிறு தட்டும். தட்டியதும் திருப்பிப் போட்டு அதே அளவு. கடைசியில் பழைய தோல் இடைவாரில் பத்து இழுப்பு. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.